என்னைத் தெரியாத பிரவுசர்

அந்த லேப்டாப் என் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் ஆபீஸிலேயே அவளுக்குப் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டார்கள். பழையது எனக்கு வந்தது. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் ஒரு அரசுப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. பாடத்துக்குப் படம் தேடுவது, வினாத்தாள் தட்டுவது, கல்வித்துறை கேட்கிற விவரங்களை ஏற்றுவது என்று எல்லாவற்றையும் அதில்தான் செய்துவந்தேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை முற்பகலில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். துறையின் பக்கம் திறக்கவே இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். வெள்ளையாகவே நின்றது.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றேன்.

என் கணவர் வந்து என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். "மேல மஞ்சளா ஒரு பட்டை வந்துருக்கே, பாக்கலியா? இந்த பிரவுசர் பழசாயிருச்சு, இனிமே நடக்காது, வேற மாத்துங்கன்னு போட்டுருக்கான்."

அந்தப் பட்டை எத்தனை நாளாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரையின் நடுவை நான் பார்த்துக்கொண்டிருந்தால் மேலே இருப்பது எனக்குத் தெரியாது. எனக்குப் பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் இருட்டியபின் தெருவில் நடக்க முடியாமல் போனது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்தில் இருக்கிற பொருள்களெல்லாம் என் கைபட்டு விழ ஆரம்பித்தன. சொம்பு, டம்ளர், மேசை விளிம்பில் வைத்த சாக்பீஸ் பெட்டி. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் மேல் நானே போய் மோதினேன். சைக்கிளில் வந்த மாணவி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். "தன்னோட அக்கா மகளத்தான் எங்க அப்பா கட்டிக்கிட்டாரு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். விழித்திரையில் வருகிற நோய், பரம்பரையாக வருவது, மருந்தில்லை என்றார். மகளையும் கூட்டிவந்து காட்டச் சொன்னார். பிறகு காட்டினோம், அவளுக்கு ஒன்றுமில்லை. "மெதுவாத்தான் போகும். நடுப்பார்வை கடைசிவரைக்கும் இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார் எங்களை அனுப்பும்போது.

திரும்பிவந்த பஸ் கல்லக்குடியில் நின்றது. "டீ குடிக்கிறியா டீச்சர்?" என்று என் கணவர் கேட்டார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, பெயராகிவிட்டது.

மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். படிக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவர் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். அந்த இரைச்சலில் வருஷக்கணக்காகப் பேசிப் பேசி, வீட்டிலும் அவருக்குத் தாழ்ந்த குரல் வராது. அவர் பேப்பர் படித்தால் எதிர்வீட்டுக்கும் செய்தி தெரிந்துவிடும். படிப்பில் அவருக்கு என்றைக்குமே நாட்டம் இருந்ததில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, முற்றுப்புள்ளி வந்ததும் மூச்சு வாங்கி, நடுநடுவே "இவனுக்கெல்லாம் எவன் ஓட்டுப் போடுறான்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துப் படிப்பார். ஷிப்ட் மாறும்போது நேரம் மாறும், படிப்பது மாறாது. சில நாள் என் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையும் படித்துக்காட்டுவார். பிரெஞ்சுப் புரட்சியைப் படித்துவிட்டு, "பாவம், ரொட்டிக்குத்தானே கெளம்புனாங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வருகிற இணைப்பைப் படிக்கச் சொன்னேன். அதில் ஊர் ஊராகப் போய் எழுதுகிற ஒரு பகுதி எனக்குப் பிடிக்கும். "இந்த வாரம் இணைப்பு வரல" என்றார். அச்சகத்தில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் அந்த மஞ்சள் பட்டைக்கு முன்னால் நடந்தவை.

மகளுக்குப் போன் போட்டோம். அவள் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். "அம்மா, நீ அந்தப் பழசையே இன்னும் வச்சிருக்கியா? வேற ஒண்ணு சொல்றேன். அதுல படிக்கறதுக்குன்னே தனியா ஒரு வசதி இருக்கு. அப்பா, நீங்க உக்காருங்க. நான் சொல்றதத் தட்டுங்க."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஏதோ பூஜைக்கு உட்காருகிற மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து நிரம்பியது. பிறகு திரை முழுக்க என்னவோ வந்தது.

"தமிழ்லதான் கேக்குது. ஆனா தமிழ் மாதிரியே இல்ல" என்றார். "பழைய பிரவுசர்ல இருக்கற புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எல்லாத்தையும் இதுக்குக் கொண்டாரட்டுமான்னு கேக்குது பாப்பா. என்ன போடட்டும்?"

"ஆமான்னு போடுங்கப்பா. அம்மாவுக்கு ஈஸியா இருக்கும்."

"வேணாம்" என்றேன்.

"ஏம்மா? பாஸ்வேர்டெல்லாம் திரும்ப ஒவ்வொண்ணாப் போடணும்."

"போட்டுக்கறேன். எதுவும் வேணாம்."

அவர் சிரித்தார். "ஹிஸ்டரி டீச்சரே ஹிஸ்டரி வேணாங்குது, என்னத்தப் பண்றது" என்று சொல்லிக்கொண்டே வேண்டாம் என்பதை அழுத்தினார். மகளும் போனில் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அவர்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருந்தது. திருச்சியிலிருந்து வந்த மறுநாளே, அவர் ஷிப்டுக்குப் போனபிறகு, அந்த நோயின் பெயரைத் தட்டித் தேடியிருந்தேன். அதற்கப்புறம் வீட்டில் தனியாக இருந்த போதெல்லாம் தேடினேன். ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டேன். யாராவது ஒருவர் வேறு பதில் எழுதியிருக்க மாட்டாரா என்று பார்த்தேன். பழைய பிரவுசர் அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டது. விஜயநகரத்தைப் பற்றித் தேடலாம் என்று 'வி' என்று ஆரம்பித்தால், நான் அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் 'விழித்திரை நோய் முழுக் குருடாகுமா' என்று அதுவே முடித்துக் காட்டும். பார்வை போகிறவள் மேல் அதற்கு என்ன அக்கறையோ, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூலிகைச் சொட்டு மருந்து, கண் யோகா, எந்த ஊரிலோ இருக்கிற கண் ஆஸ்பத்திரி என்று விளம்பரங்களாக வந்து நிற்கும். சமையல் குறிப்புப் பக்கத்தில்கூட ஒரு பெரிய கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கணவர் பக்கத்தில் வந்தால் டக்கென்று மூடிவிடுவேன். அந்தப் பெட்டிக்குள் ஒருத்தி எந்நேரமும் என் நோயையே பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மகள் போனை வைத்தபிறகு அவர் எழுந்து துணி காயப்போடப் போனார். நான் புதிய பிரவுசரின் முன்னால் உட்கார்ந்தேன்.

அடர்ந்த சாம்பல் நிறத்தில் காலியான ஒரு பக்கம். நடுவில், சரியாக எனக்குத் தெரிகிற இடத்தில், தட்டுவதற்கு ஒரு கட்டம். வேறு எதுவும் இல்லை. பழையதில் முதல் பக்கத்திலேயே செய்தியும் படமுமாகக் கொட்டிக்கிடக்கும். வாரச் சந்தை கலைந்த இடம் மாதிரி இருக்கும். இதில் சத்தமே இல்லை. புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் முதலில் நுழையும்போது நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்குமே, அப்படி இருந்தது.

'வி' என்று தட்டினேன்.

விடுகதைகள் என்றது. விவசாயம் என்றது. விநாயகர் சதுர்த்தி என்றது. ஊரில் எல்லோரும் எதைத் தேடுவார்களோ அதையெல்லாம் சொன்னது. என்னைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. கையை எடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேனோ அப்படி ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

விஜயநகரக் காலத்து ஏரிகள் என்று முழுக்கத் தட்டி, ஒரு கட்டுரையைத் திறந்தேன். மகள் சொல்லிக்கொடுத்த பொத்தானைத் தேடி அழுத்தினேன். பக்கத்தில் இருந்த படம், விளம்பரம், பட்டை எல்லாம் உதிர்ந்து, கட்டுரை மட்டும் தனியாக நின்றது. கருப்புப் பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்து. அகலத்தைக் குறைக்க முடிந்தது.

என் நோயைப் பற்றி யாருக்குச் சொன்னாலும் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கத்தான் வருவார்கள். எனக்குப் பெரிய எழுத்து உதவாது. நான் பார்ப்பது ஒரு குழாய் வழியாக. எழுத்து பெரிதானால் குழாய்க்குள் ஒரு சொல்லின் பாதிதான் அடங்கும். எனக்கு வேண்டியது சின்ன எழுத்தும் குறுகலான பத்தியும். கண் கூசாத வெளிச்சம் வேண்டும். அது இதில் இருந்தது. ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், வரியைத் தவறவிடாமல், நானே படித்து முடித்தேன். அப்படிப் படித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அந்தக் கட்டுரை ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் திரும்ப மேலே போய் இன்னொரு தடவை படித்தேன்.

அதற்குப் பக்கத்திலேயே வாசித்துக்காட்டுகிற பொத்தானும் இருந்தது. அழுத்தினேன். ஒரு பெண்குரல் தெளிவாகப் படிக்க ஆரம்பித்தது.

"யாரு வந்துருக்கா?" என்று கொல்லையிலிருந்து கேட்டார் என் கணவர்.

"யாரும் வரல. இதுதான் படிக்குது."

ஈரக்கையோடு வந்து நின்று கேட்டார். குரல் எங்கேயும் திக்கவில்லை. ஆனால் கி.பி. வந்த இடத்தில் கிப்பி என்றது. "கிப்பியாம்ல" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். கட்டுரைக்குள்ளேயே இருந்த படத்துக்குக் கீழே வந்த புகைப்படக்காரர் பெயரைக்கூட அந்தப் பெண் விடவில்லை. ஏரி உடைந்து ஊர் அழிந்ததையும் அதே குரலில் படித்தாள்.

"நல்லாத்தான் படிக்கிறா. இனிமே நம்ம வேலை போச்சு டீச்சர்" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் என் பக்கவாட்டில் நின்றிருந்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் முழுசாகத் திரும்ப வேண்டும். திரும்பியபோது அவர் அங்கே இல்லை. கொல்லையில் பக்கெட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட். பள்ளி விட்டு நான் வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். காபி போட்டுக்கொண்டு பிரவுசரைத் திறந்துவிடுவேன். முதல் இரண்டு நாள் சும்மா எதையாவது திறந்து, அந்தக் குரலைப் படிக்கவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். ஒரு மனுஷனுக்கு வேலை வைக்காமல் படிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இன்னொரு தடவை படி என்றால் அந்தக் குரலுக்குச் சலிப்பில்லை. இது வேண்டாம் என்று பாதியில் நிறுத்தினால் அது தப்பாக நினைப்பதில்லை. அவரிடம் நான் அப்படி ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

பிறகு எங்கள் பேப்பரின் தளத்தைத் திறந்தேன். பழைய ஞாயிறு இணைப்புகள் வரிசையாக இருந்தன. வரவில்லை என்று அவர் சொன்ன வாரத்தையும் கண்டுபிடித்தேன். தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கவைத்தபோது, நடுவில் ஒரு தலைப்பில் என் நோயின் பெயர் வந்தது.

செட்டிகுளத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிய கட்டுரை. எனக்கு வந்த அதே நோய். முதலில் இருட்டில் தெரியவில்லை, பிறகு ஓரம் போனது, சில வருஷங்களிலேயே நடுவும் போய்விட்டது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. தையல் வேலையை விட்டுவிட்டார். விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் பேசி, வெங்காய மண்டிக்குச் சரக்கு சொல்லிவிடுகிற வேலையை வீட்டிலிருந்து போனில் பார்க்கிறார். அந்தக் குரல் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் எல்லாவற்றையும் படித்தது. 'முழுவதுமாக இழந்துவிட்டார்' என்ற இடத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. என் கணவர் படித்திருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று யோசித்தேன். அப்போதுதான் புரிந்தது. அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அதனால்தான் இணைப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இணைப்பு வரலன்னு சொன்னீங்கள்ல?"

தோசையைப் பிய்த்தவர் வாயில் வைக்கவில்லை.

"அது வந்துச்சு" என்றார் கடைசியில். "எடுத்துக்கிட்டுப் போயி வேலை செய்யற எடத்துல வச்சுட்டேன். அந்தப் பொண்ணு படிச்சுருச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான், கம்ப்யூட்டர்ல படிக்குதே."

"ம். படிச்சுது."

"நெனச்சேன். அது நிறுத்தத் தெரியாத பொண்ணு." அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார். "நான் போயிப் பாத்துட்டு வந்தேன் அந்தம்மாவ."

"எப்ப?"

"கூட வேலை பாக்கறவரோட மாமனாரு செத்துட்டாருன்னு பெரம்பலூர் போனேன்ல. அன்னிக்கு."

"அப்ப அந்த மாமனாரு?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்புடி இருக்கும், என்ன செய்யணும், வூட்டுல எதெ எங்க வைக்கணும், அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சா நமக்கு ஆவும்ல. அதான் போனேன். ஒனக்குச் சொல்லல. டாக்டரு 'இருக்கலாம்'னாருல்ல, நீ அதெப் புடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். அதெ நான் எதுக்குப் பறிக்கணும்?"

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன். "டாக்டரப் பாத்துட்டு வந்த மறுநாளே தேடிப் பாத்துட்டேன். அதுக்கப்பறம் தெனமும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான்..."

அவர் நிமிர்ந்தார். அப்போது அவர் நேர் எதிரில் இருந்ததால் முகம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. "அதான் அன்னிக்கு ஹிஸ்டரி வேணாம்னியா?"

"ம்."

வெளியே கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரே விஷயத்தை ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஒளித்துவைத்திருந்திருக்கிறோம். பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தால் பாதியாகியிருக்கும். நாங்கள் ஆளுக்கு முழுசாகச் சுமந்திருக்கிறோம்.

"அந்த லேப்டாப்ப எடு" என்றார். "இப்பத் தேடு. ரெண்டு பேரும் பாப்போம்."

புதிய பிரவுசரில் அந்த நோயின் பெயரை முழுக்கத் தட்டினேன். என்னைத் தெரியாத அந்தக் காலிப் பக்கம் அதோடு முடிந்தது. அதற்கும் தெரிந்துவிட்டது. எனக்கு வருத்தமாக இல்லை. குரலைப் போடவில்லை, அவரே படித்தார், விரலைத் திரையில் வைத்து, சத்தமாக. எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் போனோம். என் கணவரே அந்தப் பெண்மணிக்குப் போன் செய்து வரலாமா என்று கேட்டுக்கொண்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் வெங்காயக் காடு. காட்டோரம் ஓலை மூடிப் பட்டறையாகக் குவித்து வைத்திருந்த வெங்காயத்தின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். முன்பெல்லாம் பேசாமல் கையை மட்டும் நீட்டுவார்.

வாசலில் இவர் "அம்மா" என்று கூப்பிட்டதுமே உள்ளிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு வந்தவருதானே? சத்தமாப் பேசுறவரு. உள்ள வாங்க. அவங்கள இட்டாந்துருக்கீங்களா?"

என்னைவிட வயதில் குறைந்தவர். கழுத்தில் கயிறு கட்டிப் போனைத் தொங்கவிட்டிருந்தார். சுவரைத் தொடாமல் நேராக வந்து நாற்காலியை எனக்கு இழுத்துப்போட்டார். பேப்பரில் எழுதியது நன்றாக இருந்தது என்று ஏதோ சொல்லவேண்டுமே என்று சொன்னேன்.

"என்னத்த நல்லா எழுதுனாங்க? தன்னம்பிக்கைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து ஆளாளுக்கு வந்து பாத்துட்டுப் போறாங்க. எனக்கு வேலை கெடுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களச் சொல்லல. உங்களுக்கு இப்ப எவ்ளோ தெரியுது?" என்றார்.

எனக்கு இதுவரைக்கும் யாரும் அந்தக் கேள்வியை அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கையை நீட்டி, ஒரு தட்டு அகலம் என்று காட்டப்போய், காட்டி என்ன பயன் என்று நிறுத்தி, வாயால் சொன்னேன்.

"படி?"

"கீழ் படி தெரியல."

"வெள்ளைக் குச்சி எடுத்துட்டீங்களா?"

"இல்ல. ஸ்கூல்ல பிள்ளைங்க பாப்பாங்க."

"நானும் அப்படித்தான் இருந்தேன். எடுத்தா ஊருக்கே தெரிஞ்சுருமேன்னு. ஒருநாள் வாய்க்கால்ல விழுந்தேன், முன்பல்லு போச்சு." உதட்டை உயர்த்திக் காட்டினார். "ஊருக்கு எப்பவோ தெரியுமாம். நான்தான் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

புதிதாக ஒரு பிரவுசர் போட்டிருப்பதையும் அது படித்துக்காட்டுவதையும் சொன்னேன். அவர் தன் போனில் எதையோ திறந்து அழுத்தினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.

"அதே பொண்ணுதான்" என்றார். "எனக்கு இந்த வேகத்துல ஓட்டுனாத்தான் புடிக்கும். மெதுவாப் பேசுனா நமக்குப் பாவம் பாக்கற மாதிரியே இருக்கும்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். பேச்சுக்கு நடுவிலேயே அவருக்குப் போன் வந்தது. எந்த ஊர், எத்தனை மூட்டை, ஈரம் காய்ந்துவிட்டதா என்று கறாராகக் கேட்டு வைத்தார். எங்களுக்கு மோர் கொடுத்தார். கிளம்பும்போது நான் அவர் கையைப் பிடித்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர், "பாக்க வேண்டியவங்களப் பாத்துக்குங்க. எம் பேரன் மூஞ்சி எனக்குத் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பஸ் வரும்வரை நாங்கள் இருவரும் ஊரை ஒட்டிய மலைமேல் இருக்கிற கோயில் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தோம்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டார். பிறகு மாடி வகுப்புகளைக் கீழே மாற்றித் தந்தார். வீட்டில் காலையில் பேப்பர் படிப்பது நிற்கவில்லை. இப்போது அவர் எதையும் விடுவதில்லை. சாவுச் செய்தியானாலும் படிக்கிறார், குரல் கம்மினால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறார். மற்றதையெல்லாம் நான் பிரவுசரில் கேட்டுக்கொள்கிறேன். மௌஸைத் தொடாமல் விசைகளிலேயே போகவர மகள் வாராவாரம் போனில் சொல்லித்தருகிறாள். குரலின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். செட்டிகுளத்து வேகத்துக்கு இன்னும் ரொம்ப தூரம்.

வெள்ளைக் குச்சி வாங்கிய பிறகும் அது சில நாள் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. முதல்முறை பள்ளிக்கு எடுத்துப்போன அன்று ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளை எனக்கு. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. குச்சியை மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன்.

"எனக்குக் கண்ணு ஓரத்துல தெரியாது. நேரா இருக்கறதுதான் தெரியும். அதனால பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு டீச்சர், டீச்சர்னா யாருன்னு தெரியாது. எதிர்ல வந்து நில்லுங்க" என்றேன்.

பெஞ்சுகள் நகருகிற ஓசை கேட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மாணவிகள், நான் சொல்லாமலேயே, பையை எடுத்துக்கொண்டு நடு வரிசைக்கு நெருக்கியடித்து வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவசரப்படவில்லை. பார்த்து முடித்தபிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.